பக்கத்துக் காணியில் டவுன் ஹவுஸ் வருகிறதாம்: மக்கள் கருத்துக் கேட்பு என்றால் என்ன?

பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு சின்ன ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஒரு பழைய பங்களா, சுற்றிவர 60 பேர்ச் காணி, எல்லையில் நாலைந்து சைப்ரஸ் மரங்கள். ரோட்டுக்குக் கீழே பதினைந்து இருபது வீடுகள். அவற்றுக்கும் கீழே, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் ஒன்று, அதன் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் வரும் ஒரு பீலி. பங்களாவைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். ஒரு நாள் காலையில் சர்வேயர் வந்து கருவியை நிறுத்துகிறார். பொழுது சாய்வதற்குள் சந்திக் கடையில் கதை பரவிவிடுகிறது: "பன்னிரண்டு வீடு வரப்போகுதாம். டவுன் ஹவுஸாம். ரோட்டையும் அகலமாக்கப் போறாங்களாம்."

அந்த மூன்று "ஆம்"களையும் கவனியுங்கள். யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை. யாருக்கும் கடிதம் வரவில்லை. ஆனால் ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அதிலும் பாதிப்பேர் கோபத்தோடு. மக்கள் கருத்துக் கேட்பு என்பது, எளிமையாகச் சொன்னால், இந்த "ஆம்"ஐ உதிர்ப்பதற்கான ஏற்பாடு.

முதலில் டவுன் ஹவுஸ் என்ற பெயர். ஒன்றோடொன்று சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் மாடி வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், பாதையும் வடிகால் கானும் மட்டும் பொது. பக்கத்து வீட்டுக்காரரோடு சுவரைப் பகிர்ந்துகொள்வது எப்படியிருக்கும் என்று மலையகத்தில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நாலு தலைமுறையாக அப்படித்தான் வாழ்ந்திருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், இதற்கு மாடியும் கார் நிறுத்த இடமும் நல்ல விலையும் உண்டு. லயத்துக்கு அவை இல்லை.

சரி, கருத்துக் கேட்பு. ஒரு முடிவை எடுக்க அதிகாரம் உள்ளவர், அதை எடுப்பதற்கு முன்னால், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் திட்டத்தைக் காட்டி, யோசிக்க நேரம் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்து, அதைக் கருத்தில் எடுத்து முடிவுசெய்வது. "எடுப்பதற்கு முன்னால்" என்பதுதான் இதில் உயிர். அத்திவாரம் வெட்டிய பிறகு நடத்துவது வெறும் அறிவிப்பு. திட்டத்தைக் காட்டாமல் "உங்கள் கருத்து என்ன" என்று கேட்பதும் அதே வகைதான்.

நம்மவர்களில் பலர் இதை வாக்கெடுப்பு என்று நினைக்கிறார்கள். முந்நூறு கையெழுத்து சேர்த்தால் திட்டம் நின்றுவிடும், நாற்பதுதான் கிடைத்தது என்றால் தோற்றுவிட்டோம் என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படியல்ல. ஒரே வாசகத்தின் கீழ் முந்நூறு கையெழுத்து இருந்தால், முடிவெடுக்கும் குழுவின் மேசையில் அது பெரும்பாலும் ஒரே ஒரு விடயமாகத்தான் நிற்கும். மாறாக, குழுவில் யாருக்கும் தெரியாத ஓர் உண்மையை ஒரு பாட்டி எழுதிக் கொடுத்தால், அது அந்த முந்நூறையும் விடக் கனமானது.

அந்தப் பாட்டிக்கு என்ன தெரிந்திருக்கும்? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது.

நமது ஊரில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி இது. அதனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 25.3 சதுர மீற்றர். 60 பேர்ச் என்றால் சுமார் 1,500 சதுர மீற்றர். பங்களா இருந்த காலத்தில் அதில் பெரும்பகுதி புல்லும் மரமும். விழுந்த மழையில் ஒரு பங்கை மண் உறிஞ்சிக்கொண்டது. இப்போது பன்னிரண்டு வீடு, உள்பாதை, கார் நிறுத்துமிடம் எல்லாமாக 1,200 சதுர மீற்றர் கூரையும் கொங்கிறீற்றும் ஆகிவிட்டது என்று வையுங்கள். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தப் பரப்பிலிருந்து மட்டும் 1,20,000 லீற்றர் தண்ணீர் ஓடும். வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகள் 120ஐ ஒரே நாளில் சரிவில் கவிழ்த்த மாதிரி. 100 மில்லிமீற்றர் மலைநாட்டில் நடக்காத கதையும் அல்ல. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டும்போதே விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்.

அந்த 1,20,000 லீற்றர் எங்கே போகும்? வரைபடத்தில் ஒரு நீலக் கோடு இருக்கும், "வீதியோரக் கானுக்கு" என்று. அந்தக் கான் மூன்றாவது வளைவில் கல்விழுந்து அடைபட்டிருப்பதும், ஐப்பசி மழையில் அது உடைத்துக்கொண்டு லயத்துப் பின்பக்கம் பாய்வதும் வரைபடம் வரைந்தவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் கருத்துக் கேட்பு.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியாபெத்தவில் லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தன. ஆனாலும் அன்று காலையில் மக்கள் அங்கேதான் இருந்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று இங்கே நான் எழுதத் தேவையில்லை. அதற்குப் பிறகு சரிவில் எழும்பும் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் கேள்வி கேட்பவரை "அபிவிருத்திக்கு எதிரி" என்று யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சட்டம் எங்கே கேட்கச் சொல்கிறது, எங்கே சொல்லவில்லை

இந்த இடத்தில் பலருக்கு ஏமாற்றம்தான் வரும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் பொதுமக்கள் கருத்தைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கும் முக்கியமான இடம், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். அதற்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி, பட்டியலிடப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். அது தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும். தேவையென்று கருதினால் பொது விசாரணையும் வைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப் பட்டியலில் வீடமைப்புத் திட்டம் என்றால் 1,000 வீடுகளுக்கு மேல். நமது சந்திக் கதையில் பன்னிரண்டு! மண்ணரிப்புப் பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடம், காப்புக்காட்டின் எல்லையை ஒட்டிய இடம் போன்றவற்றுக்கு மட்டும் அளவு பார்க்காத விதி ஒன்று உண்டு. உங்கள் காணி அதற்குள் வருகிறதா என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்பது வீண் வேலையல்ல.

அது வரவில்லை என்றால், பன்னிரண்டு வீட்டுத் திட்டம் சாதாரணக் கட்டட அனுமதி வழியில்தான் போகும். மாநகர சபையோ நகர சபையோ பிரதேச சபையோ, எது உங்கள் எல்லையோ அங்கே விண்ணப்பம் போகும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதியென்றால், சபையின் திட்டமிடல் குழு அதைப் பார்க்கும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். மலசலகூடக் குழி, கழிவுநீர் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்ப்பார். இந்த வழியில் அயலவர்களைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும் என்பது வழக்கமான படி அல்ல. சில சபைகள் கேட்கின்றன, சில கம்பனிகள் தாங்களாகவே கூட்டம் வைக்கின்றன. மற்றபடி கதவு சாத்தியிருக்கும். பூட்டியிருக்காது; தள்ளிப் பார்க்க வேண்டும்.

எப்படித் தள்ளுவது? உங்கள் வட்டார உறுப்பினர் இருக்கிறார். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் இருந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தலுக்குப் பிறகு மறுபடி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுங்கள். அப்புறம், யாரும் அழைக்காவிட்டாலும் சபைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கலாம். அது கோப்பில் ஏறிவிட்டால், பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். அந்தப் பிரதியை அலுமாரியில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையிலேயே வையுங்கள்.

திட்டத்தைப் பார்க்காமல் எதை எழுதுவது என்று கேட்பீர்கள். அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் கேட்டு மூட்டை கட்டாமல், வேண்டியதை மட்டும் கேளுங்கள்: மண்சரிவு அறிக்கையில் போட்ட நிபந்தனைகள், மழைநீர் வடிகால் வரைபடம், எத்தனை வாகனத்துக்கு இடம், அணைச்சுவர் எவ்வளவு உயரம். வீட்டுக்குள் படுக்கையறை எங்கே என்பது உங்களுக்கு எதற்கு? அதைக் கேட்டால்தான் மறுப்பதற்குக் காரணம் கிடைக்கும்.

தமிழில் எழுதலாமா என்ற தயக்கம் இன்னும் பலருக்கு இருக்கிறது. எழுதலாம். தமிழ் அரசகரும மொழி. அரசியலமைப்பே அந்த உரிமையைத் தந்திருக்கிறது. பதிலையும் தமிழில் கேட்கலாம்.

எதை எழுதினால் எடுபடும்

இரண்டு கடிதங்களைப் பாருங்கள். முதலாவது: "எங்கள் அமைதியான ஊரை நாசமாக்கும் இந்தத் திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். வெளியாட்கள் வந்து குடியேறினால் எங்கள் கலாசாரம் கெட்டுவிடும். உடனடியாக நிறுத்த வேண்டும்."

இரண்டாவது: "நான் இந்த ரோட்டில் 31 வருடமாகக் குடியிருக்கிறேன். காணியின் கீழ்ப்பக்க எல்லையிலிருந்து கிட்டத்தட்ட 40 அடி தூரத்தில் ஒரு ஊற்று இருக்கிறது. அதிலிருந்து வரும் பீலியில் கீழ் லயத்து ஒன்பது குடும்பங்கள் குடிதண்ணீர் எடுக்கின்றன. பன்னிரண்டு வீடுகளின் மலசலகூடக் குழிகள் எங்கே வருகின்றன என்று வரைபடத்தில் தெரியவில்லை. ரோடு மூன்றாவது வளைவில் 9 அடி மட்டுமே; போன வருடம் அம்புலன்ஸ் திரும்ப முடியாமல் பின்னோக்கிப் போனது. குழிகளை மேல்பக்கத்துக்கு மாற்றி, கானைப் பெரிய கான் வரைக்கும் கம்பனி செலவில் கட்டித் தருவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை. படங்கள் இணைத்திருக்கிறேன்."

முதலாவதை ஒரு அதிகாரி வாசித்துவிட்டு மடித்து வைக்கத்தான் முடியும். அதில் அவர் செய்யக்கூடிய ஒன்றும் இல்லை. இரண்டாவதில் அவர் போய்ப் பார்க்க ஓர் ஊற்று இருக்கிறது, அளந்து பார்க்க ஒரு வளைவு இருக்கிறது, அனுமதியில் எழுத ஒரு நிபந்தனை இருக்கிறது. "வெளியாட்கள்" என்ற சொல்லை வைத்து எழுதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் நம்மைப் பற்றிப் பிறர் சொன்ன சொல் அது. அதை நாம் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தவிர, யார் குடிவருகிறார் என்பது கட்டடத் திட்டத்தின் விடயமே அல்ல. டவுன் ஹவுஸ் வாங்கப்போகிறவர் ஹற்றனில் ரீச்சராக இருந்து, வாடகை வீட்டில் அலுத்துப்போன உங்கள் சொந்தக்காரராகவும் இருக்கலாம்.

நிபந்தனை கேட்பது தோல்வி என்று நினைக்கிறவர்களுக்குத் தலவாக்கலையை நினைவூட்டலாம். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கை 1990களில் முதலில் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்குப் பிறகுதான் அனுமதி வந்தது. 150 மெகாவாட் மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. எதிர்த்தவர்களால் அதை நிறுத்த முடியவில்லை. ஆனால் சென்கிளயர் நீர்வீழ்ச்சியில் பகல் வேளையில் தண்ணீர் விட வேண்டும் என்ற நிபந்தனை அந்த வாதத்திலிருந்து வந்ததுதான். அந்த வழியாகப் போகும்போது அருவியில் தண்ணீரைப் பார்த்தால், அது ஒரு கோப்பில் ஏறிய வரியும்கூட.

கேட்காமல் முடிவெடுத்தால் நீதிமன்றமும் இருக்கிறது. தெற்கு அதிவேக வீதியின் பாதையை மாற்றியபோது, புதிதாகப் பாதிக்கப்படும் காணிக்காரர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2004இல் சொன்னது. பன்னிரண்டு வீட்டுக்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனால் "பாதிக்கப்படுகிறவரைக் கேட்க வேண்டும்" என்பது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல என்பதற்கு அது சாட்சி.

கூட்டத்தில் இல்லாதவர்கள்

கூட்டம் வைக்கிறார்கள் என்றே வையுங்கள். பெரும்பாலும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு, டவுனில். ரோட்டு மேல்பக்கத்து ஓய்வுபெற்ற அதிபர் வருவார், கடை முதலாளி வருவார். கீழ் லயத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா எப்படி வருவார்? வந்தால் அன்றைக்கு அரைப் பேர்கூட, அதாவது அரை நாள் சம்பளம்கூட, விழாது. ஆனால் மேலே கட்டுகிற கட்டடத்தின் தண்ணீர் முதலில் போய்ச் சேரும் இடம் அவருடைய அடுப்படி. லயம் வேறு சபையின் எல்லைக்குள் இருந்தால் அதைப் பட்டியலில் சேர்க்கவும் மாட்டார்கள். தண்ணீருக்குச் சபை எல்லை தெரியாது என்பதை யார் அவர்களுக்குச் சொல்வது? தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்கே சட்டத்தில் தடை இருந்து, 2018 திருத்தத்தோடுதான் அது நீங்கியது. சட்டம் மாறியும் "அது தோட்டம், நமக்குச் சம்பந்தமில்லை" என்ற பழக்கம் பல மேசைகளில் அப்படியே இருக்கிறது.

ஆகவே நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது நேரத்தை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் மண்டபத்தில், தமிழில் விளக்கத்தோடு. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்பதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருடத்துக்கு முன்னால், எங்கள் வீட்டுக்கு மேலே ரோடு வெட்டும் வேலைக்காக ஒரு கூட்டம் நடந்தது. அப்பா போயிருந்தார். ஒன்றரை மணித்தியாலம் சிங்களத்தில் பேசினார்கள், தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள், ஒரு தாளில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வரவுப் பதிவு என்றுதான் நினைத்தார். பிறகு எங்கள் பின்சுவர் வெடித்து நாங்கள் முறையிடப் போனபோது, அந்தத் தாளையே எடுத்துக் காட்டினார்கள்: "உங்கள் அப்பா சம்மதித்திருக்கிறாரே?" தாளின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது என்று அவர் பார்க்கவில்லை; பார்த்திருந்தாலும் அவருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கையெழுத்துக்குப் பக்கத்தில் "வரவுக்கு மட்டும்" என்று தமிழில் எழுதிவிடுவோம். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும். முடிந்தால் அந்தத் தாளைக் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, அனுமதி கிடைத்துவிட்டது, வேலையும் தொடங்கிவிட்டது என்றால் உங்கள் பங்கு முடிந்துவிடவில்லை. அனுமதியோடு வரும் நிபந்தனைகளின் பிரதியை வாங்குங்கள். கட்டி முடித்தவர் அதில் குடியேற்றுவதற்கு முன்னால் சபையிடம் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். அதாவது, அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டியிருக்கிறது என்று சபை பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கான் வரைக்கும் கட்டித் தருவதாக எழுதியிருந்த அந்தக் கான், மூன்றாவது வளைவோடு நின்றுவிட்டதா என்று பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. ஒரு நல்ல மழை நாளில் குடையை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்து, படம் எடுத்து, திகதி போட்டு, சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் சபைக்கு அனுப்பிவிடுங்கள்.